ஜெர்மானியச் செப்புக் காசுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வட ஜெர்மனியிலுள்ள ஹனோவரின் 18ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசில் ‘1 ஃபெனிக்’ என்பதோடு ‘ஷைடெ முன்ட்ஸ்’ என்றும் பொறித்திருப்பது ஏன்?

பதில்: ‘ஷைடெ முன்ட்ஸ்’ என்றால் சில்லறைக் காசு. அதைக் காசின் மீதே அறிவித்திருக்கிறார்கள். அங்கே ராய்ஷ்டாலர் என்ற பெரிய வெள்ளிக் காசு ஒன்றுக்கு 288 ஃபெனிக். இவ்வளவு சிறிய மதிப்பை வெள்ளியில் அடித்தால் காசு கையில் நிற்காத அளவுக்குச் சிறுத்துவிடும். பெரிய காசை அடிக்கும் அதே உழைப்பு அதற்கும் செலவாகும். ஆகவே ரொட்டிக்கும் பீருக்கும் செம்பு புழங்கியது. பெரிய கடன்களையும் தொலைதூர வணிகத்தையும் வெள்ளியே தீர்த்தது.

கேள்வி: பவேரியாவிலும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. பவேரியா உள்ளிட்ட தெற்கில் குல்டன் என்பதே பண அலகு; 1 குல்டனுக்கு 60 கிராய்ட்சர். 1 கிராய்ட்சருக்கு 4 ஃபெனிக் அல்லது 8 ஹெல்லர்.

கேள்வி: கறுத்துப்போன காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அமிலம் மேற்பரப்பை அரித்துவிடும். போன எழுத்து திரும்பாது.

கேள்வி: செப்புக் காசு என்றாலே ஆட்சியாளர்கள் மக்களை ஏமாற்றிய கதைதானே?

பதில்: 1619 முதல் 1623 வரையிலான ‘கிப்பர்–விப்பர்’ எனப்படும் காசுச் சீரழிவுக் காலத்தை மனத்தில் வைத்துக் கேட்கிறீர்கள். முப்பதாண்டுப் போரின் செலவுக்காகச் சிற்றரசுகள் வெள்ளியில் செம்பைக் கலந்துகொண்டே போய், இறுதியில் பல இடங்களில் வெறும் செம்பையே அடித்தன. 1618இல் ஏறத்தாழ ஒன்றரை குல்டன் பெற்ற ராய்ஷ்டாலர், 1622இல் சில நகரங்களில் 10 குல்டனை எட்டியது. அந்தக் காசில் கூலி வாங்கியவர்கள் அதே காசை வரியாகக் கொடுத்தபோது, அரசுகள் வாங்க மறுத்தன. இது மோசடிதான். ஆனால் மியூன்ஸ்டர் நகரம் 16ஆம் நூற்றாண்டிலேயே செப்புக் காசு வெளியிட்டது. அதை இந்தக் கணக்கில் சேர்க்க இயலாது.

மீண்டும் அவரே: முகமதிப்பு செம்பின் விலையை மீறினாலே மோசடி அல்லவா?

பதில்: அல்ல என்று உறுதியாகச் சொல்வேன். உள்ளூர்ச் சந்தைக்குத் தேவையான அளவில் அடித்து, அடித்தவரே திரும்ப வாங்கிக்கொள்ளும் வரை, உலோகத்தின் விலை குறைவாக இருப்பதால் எவருக்கும் இழப்பில்லை. கிப்பர் காலத்தில் குலைந்தவை இவ்விரண்டும்தான்: அளவும் ஏற்பும். செம்பின் மீது பழி போடுவது, கொள்ளையடித்த சிற்றரசர்களைத் தப்பவிடுவதாகும்.

கேள்வி: எலுமிச்சையால் தேய்க்கலாமா?

பதில்: மேலே புளிக்குச் சொன்னதே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: என் காசு என்ன விலை போகும்?

பதில்: விலை மதிப்பிடுவது என் துறையன்று. எடையும் விட்டமும் அளந்து, இருபக்கப் படங்களோடு அனுப்பினால், எந்த ஊர்க் காசு என்று சொல்ல முயல்கிறேன், தேய்க்காமல் அனுப்புங்கள்.