கம்ப்யூட்டர் அக்கா பதில்கள்: கோடு மட்டும் மினுக்குது!

கேள்வி: அம்மா, ஏற்காடு நாகலூர்ப் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். லேப்டாப்புக்குப் பத்து வயது. விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்றுவிட்டது, 11 ஏறாது என்கிறது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம் என்று என் அக்கா மகன் சொன்னான். ஐஎஸ்ஓ ஃபைலை டவுன்லோட் செய்து 16 ஜிபி பென் டிரைவில் காப்பி செய்து ஆன் பண்ணினேன், விண்டோஸே வந்தது. அப்புறம் அவன் ரூஃபஸ் என்ற நிரலில் ஏதோ செய்து கொடுத்தான். இப்போது கருப்புத் திரையில், இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மினுக்குகிறது. மணிக்கணக்கில் விட்டாலும் அதேதான். மூன்று தடவை ஃபார்மட் செய்தாயிற்று. பென் டிரைவ் போய்விட்டதா? லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வரட்டுமா?

— ஏற்காடு வாசகர்

பதில்: வராதீர்கள் ஐயா. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி அம்மாபேட்டைக்கு நீங்கள் வந்து சேர, நான் ஐந்து நிமிடத்தில் சரி செய்து கொடுத்தால், காசு வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

முதல் தடவை விண்டோஸ் வந்தது, இரண்டாம் தடவை கோடு வந்தது. இரண்டையும் 'பூட் ஆகவில்லை', அதாவது கிளம்பவில்லை, என்று ஒரே கணக்கில் எழுதிவிட்டீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் பென் டிரைவை லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டாவதில் கண்டுகொண்டு, உள்ளே நுழைந்து, வழி தெரியாமல் நிற்கிறது. கோடு வந்தது முன்னேற்றம்தான்.

ஐஎஸ்ஓ என்பது கட்டிய மூட்டை. அதை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்வது, காபிக்கொட்டைச் சாக்கை அவிழ்க்காமல் ஃபில்டர் மேல் வைத்து வெந்நீர் ஊற்றுவது மாதிரி. ரூஃபஸ் மூட்டையைப் பிரித்து, உள்ளே இருப்பதை அதனதன் இடத்தில் வைத்து, கம்ப்யூட்டர் கிளம்புவதற்கான துவக்கத்தையும் எழுதித் தரும். வென்டாய் என்ற நிரல் போட்ட பென் டிரைவில் மட்டும் ஐஎஸ்ஓவை அப்படியே போடலாம். அது தானே பிரித்துக்கொள்ளும்.

சரி, கோட்டுக்கு வருவோம். உங்கள் லேப்டாப் காலத்து மெஷின்களுக்குக் கிளம்ப இரண்டு வழி உண்டு. பழைய வழிக்கு லெகசி என்று பெயர். அது பென் டிரைவின் முதல் 512 பைட்டை மட்டும் படித்து, கடைசி இரண்டு பைட்டில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அங்கேயே குதித்துவிடும். குதித்த இடத்தில் ஒழுங்கான நிரல் இல்லையென்றால் இந்த மினுக்கும் கோடுதான். புது வழி யூஇஎஃப்ஐ. அது அந்த முதல் 512 பைட்டைச் சட்டை செய்யாது. ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர், அதற்குள் பூட் ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64 என்ற ஃபைல் இருக்கிறதா என்று தேடும்.

இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸ் ஓடும்போது பென் டிரைவைச் செருகித் திறந்து பாருங்கள். ஈஎஃப்ஐ ஃபோல்டர் இருந்தால் பாதிக் கவலை போயிற்று. திறக்காமல் 'ஃபார்மட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் கை தவறியும் சரி என்று அழுத்த வேண்டாம். ரூஃபஸில் டிடி முறையில், அதாவது ஐஎஸ்ஓவைப் பிரிக்காமல் அச்சு அசலாக, எழுதியிருந்தால் விண்டோஸ் அப்படிக் கேட்கக்கூடும். நீங்கள் மூன்று தடவை ஃபார்மட் செய்ததில் ஒரு தடவையாவது நல்ல பென் டிரைவை அழித்திருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அடுத்து பூட் மெனு, எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பட்டியல். ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஏசஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஏசரிலும் எஃப்12-தான், ஆனால் செட்டப்புக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) போய் அதை முதலில் இயக்கி வைக்க வேண்டியிருக்கும். விண்டோஸில் ஷட்டவுன் கொடுத்துவிட்டு ஆன் செய்யாதீர்கள், ரீஸ்டார்ட் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருப்பதால், ஷட்டவுன் என்பது பாதித் தூக்கம்தான்.

மெனுவில் உங்கள் பென் டிரைவ் இரண்டு தடவை தெரியலாம்: ஒன்று வெறும் பெயரோடு, இன்னொன்று முன்னால் யூஇஎஃப்ஐ என்ற ஒட்டோடு. நீங்கள் வெறும் பெயரைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். ஒட்டு உள்ளதைத் தொடுங்கள். இதற்கே பாதிப் பேருக்கு வேலை முடிந்துவிடும்.

முடியவில்லையா? ஐஎஸ்ஓவையே சந்தேகப்படுங்கள். கிட்டத்தட்ட 3 ஜிபி ஃபைல். மழைக்காலத்தில் மலை மேல் நெட் நாலு தடவை போய்ப் போய் வந்திருக்கும். மின்ட் தளத்தில் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் எஸ்ஹெச்ஏ-256 என்று 64 எழுத்துக் குறியீடு கொடுத்திருப்பார்கள். ரூஃபஸில் ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்த பிறகு பக்கத்திலேயே ஒரு டிக் பொத்தான் இருக்கும்; அதை அழுத்தினால் உங்கள் ஃபைலின் குறியீடு வரும். கூலிப் பட்டியல் சரிபார்க்கிற கண் உங்களுக்கு. ஒரு எழுத்து மாறினாலும் ஃபைல் கெட்டது, மறுபடி டவுன்லோட்தான். சரியாக இருந்தால் ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர் என்பதைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். மின்ட் அப்போது இரண்டு வழியிலும் கிளம்பும். நடுவில் ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ, தோற்றால் டிடி. மின்ட் மெனு வந்த பிறகு திரை கருத்துப்போனால் அது பென் டிரைவ் கோளாறு இல்லை, கிராஃபிக்ஸ் கோளாறு. அதே மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று ஒரு வரி இருக்கும், அதில் போங்கள்.

என் அவமானம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடை வைத்த புதிதில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை ஒன்றிலிருந்து டெஸ்க்டாப் வந்தது. பென் டிரைவில் கிளம்பும்படி செட்டப்பை மாற்றி, இரவு மெயினை அணைத்துவிட்டுப் போவேன். காலையில் வந்தால் பழையபடி ஹார்ட் டிஸ்க். மூன்று நாள், இரண்டு பென் டிரைவ் மாற்றினேன். நாலாம் நாள்தான் செட்டப் திரையின் மேல் மூலையில் தேதியைப் பார்த்தேன். வருஷம் 2002 என்று காட்டியது! மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற 3 வோல்ட் பேட்டரி, சிஆர்2032, செத்துப்போயிருந்தது. மின்சாரம் போனால் மாற்றிய அமைப்பெல்லாம் மறந்துபோகும். பட்டறை அண்ணன் கொலுசுக்குப் பற்றவைத்துக்கொண்டே, "மூணு நாளா இதுக்காம்மா?" என்றார். இன்றும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

செக்யூர் பூட்டை (கையெழுத்து இல்லாத நிரலைக் கிளம்ப விடாத காவல்) அணைக்கச் சொல்லி யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். மின்ட் பெரும்பாலும் அது இருக்கும்போதே கிளம்பும். டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டால் பூட்டியிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்கச் சாவி கேட்கலாம். அந்தச் சாவியை எழுதி வைத்துக்கொண்டு கை வையுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை நீங்கள் கேட்கவில்லை. கணக்கு டேலியிலா? அது விண்டோஸுக்கானது. அப்படியானால் மின்ட்டை இன்ஸ்டால் செய்யாமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதற்கு முன்னால் தோட்டக் கணக்கை வேறு டிஸ்கில் காப்பி எடுங்கள். கணக்கு போனால் மேனேஜர் தாளித்துவிடுவார்.

கேள்வி: அக்கா, விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவைத் திறந்து எல்லா ஃபைலையும் பென் டிரைவுக்குக் காப்பி செய்தேன். 'ஃபைல் மிகப் பெரியது' என்று ஒன்று மட்டும் நிற்கிறது. பென் டிரைவில் 20 ஜிபி இடம் காலி இருக்கிறதே?

— ஆத்தூர் கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, இடம் பிரச்சனை இல்லை. உன் பென் டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆனது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொடக்கூடாது. இன்ஸ்டால் என்ற பெயரில் இருக்கும் விம் ஃபைல் அதைத் தாண்டிவிடும். என்டிஎஃப்எஸ்-இல் ஃபார்மட் செய்தால் ஃபைல் போகும், ஆனால் பல மெஷின்களின் யூஇஎஃப்ஐ-க்கு அதைப் படிக்கத் தெரியாது. ரூஃபஸில் அதே ஐஎஸ்ஓவைக் கொடு. என்டிஎஃப்எஸ்ஸோடு ஒரு குட்டிப் பார்ட்டிஷனையும் சேர்த்து வழி காட்டிவிடும்.

கேள்வி: ரோட்டோரக் கடையில் 64 ஜிபி பென் டிரைவ் மலிவாகக் கிடைத்தது. பூட் ஆகிறது, ஆனால் இன்ஸ்டால் பாதியில் நிற்கிறது. எப்போதும் வேறு வேறு இடத்தில்.

— அம்மாபேட்டை வாசகி

பதில்: எங்கள் தெருவா தங்கச்சி? அது பெரும்பாலும் 64 இல்லை. 8 ஜிபிக்கு 64 என்று வேஷம் கட்டி விற்பது உண்டு. எழுதும்போது ஒத்துக்கொள்ளும், திரும்பக் கேட்டால் இருக்காது. ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சின்ன நிரலை ஓட்டினால் முழுக்க எழுதிப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். ராத்திரி ஓடவிட்டுத் தூங்குங்கள். நல்ல பென் டிரைவ் என்று வந்தால், டெஸ்க்டாப்பின் முன்பக்க ஓட்டையை விட்டுப் பின்பக்கம் மதர்போர்டிலேயே செருகிப் பாருங்கள். முன்பக்க ஒயர் ஆடுவது என் கடைக்குத் தினமும் வரும் நோய்.