நல்ல ஆசிரியர்கள் ஏன் விலகுகிறார்கள்?

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர். ஆர்வத்தோடு வந்து சேரும் இளம் ஆசிரியர்கள் சில ஆண்டுகளிலேயே வேலையை விட்டுவிடுகிறார்கள். ஊதியத்தை உயர்த்தும் அதிகாரம் எனக்கில்லை. மன அழுத்தத்தைக் குறைக்கும் பயிற்சி வகுப்புகளாலும் பலனில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: ஊதியம் முக்கியமில்லை என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் கையில் இருப்பவையும் சிறியவை அல்ல. பணிச்சோர்வை (burnout) அளக்க ஆய்வாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் வெளியிட்ட அளவுகோல், அதில் மூன்று கூறுகளைக் காண்கிறது: உணர்வு வற்றிப்போதல், யாருக்காக உழைக்கிறோமோ அவர்களிடமிருந்தே மனம் விலகுதல், உழைப்பால் எதுவும் விளையவில்லை என்று தோன்றுதல். உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் பணிச்சோர்வை நோயாகக் கொள்ளாமல், சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. ஆகவே ஆசிரியரின் மனத்தை மட்டும் பக்குவப்படுத்த முயலும் பயிற்சி வகுப்பு, அழுத்தம் பிறக்கும் இடத்தைத் தொடுவதே இல்லை; அதையும் பள்ளி முடிந்தபின் நடத்தினால் சுமைதான் கூடும்.

இளம் ஆசிரியர்களைப் பொறுத்தவரை மூன்றாவது கூறுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. ‘இந்தப் பிள்ளைகளுக்கு என்னால் கற்பிக்க முடியும்’ என்ற நம்பிக்கை, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா விளக்கியபடி, பிறர் சொல்லும் ஊக்கமொழியைக் காட்டிலும் தாமே செய்து வென்ற அனுபவத்திலிருந்தே வலுப்பெறுகிறது. அப்படியிருக்க, புதிதாக வந்தவரிடமே கடினமான வகுப்பையும் மற்றவர்கள் ஒதுக்கிய பதிவேட்டு வேலைகளையும் ஒப்படைப்பது, அந்த அனுபவம் அவருக்குக் கிட்டாதபடி செய்துவிடும். முதல் ஆண்டில் அவருடைய பாடவேளைகளை இயன்றவரை குறையுங்கள். அதே பாடத்தை நடத்தும் மூத்த ஆசிரியர் ஒருவரைத் துணையாக அமர்த்தி, இருவரும் சந்திக்கும் வேளையைக் கால அட்டவணையிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த மூத்தவர் மதிப்பீட்டு அறிக்கை எழுதுபவராக இருக்கக் கூடாது. தம்மை மதிப்பிடுபவரிடம் தடுமாற்றத்தை மனம்விட்டுச் சொல்பவர்கள் மிகக் குறைவு.

பாடத்திட்டம் மேலிருந்து வந்தாலும், ஒரு பாடத்தை எப்படி நடத்துவது என்ற முடிவை ஆசிரியரிடமே விடலாம். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயானும் மனிதரின் அடிப்படை உளத்தேவைகளாகக் கண்ட மூன்றில், திறனுணர்வோடும் பிறருடனான பிணைப்போடும் தன்னுரிமையும் ஒன்று. பெற்றோர் புகாரோடு வரும்போது, ஆசிரியரின் தரப்பைக் கேட்பதற்கு முன் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தலைமையாசிரியர் தம் பக்கம் நிற்பாரா என்பதை ஆசிரியர்கள் அந்த நேரத்தில்தான் அறிந்துகொள்கிறார்கள்.

விலகல் கடிதம் வந்தபின் காரணம் கேட்பது காலம் கடந்த விசாரணை. பருவத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, கற்பித்தலுக்கான நேரத்தை எந்த வேலை தின்கிறது என்று கேளுங்கள். அவர் சொல்வதில் ஒன்றையேனும் நீக்கிவிட்டு, நீக்கியதை அவரிடம் தெரிவியுங்கள்.