கண்ணுக்குக் கண் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காஸா பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு நண்பர், "கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல் என்று பைபிளிலேயே இருக்கிறதே, திருப்பி அடித்தால் என்ன தவறு?" என்றார். இன்னொருவர் உடனே, "அதனால்தான் யூதர்கள் இப்படி இருக்கிறார்கள், பழிவாங்குவதுதான் அவர்கள் மதச்சட்டம்" என்றார். அந்தச் சட்டம் உண்மையில் பழிவாங்கத்தான் சொல்கிறதா?

ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

இல்லை. இரண்டு பேருமே அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடிவிட்டார்கள்.

பைபிளின் பழைய ஏற்பாட்டில், யூதர்களுக்கும் வேதமான பகுதியில், யாத்திராகமம் 21-ல் 24-ம் வசனம் அது. கொஞ்சம் மேலே, 18-ம் வசனத்தில் ஒரு அடிதடி வழக்கு வருகிறது. கல்லாலோ கையாலோ அடிபட்டுப் படுத்தவன் பிறகு எழுந்து கோலூன்றி நடமாடினால், அடித்தவன் அவனுக்கு வேலை கெட்ட நஷ்டத்தைக் கொடுத்து வைத்தியமும் பார்க்க வேண்டும். பதிலுக்கு அடி கிடையாது. கீழே 26-ல், அடிமையின் கண்ணைக் கெடுத்த எஜமான் அந்தக் கண்ணுக்காக அவனை விடுதலை செய்ய வேண்டும். (எஜமான் என்பதால் அவன் கண் தப்பியதோ என்று கேட்டால், நியாயமான சந்தேகம்தான்.)

ஆதியாகமம் 4-ல் லாமேக்கு என்பவன், தன்னைக் காயப்படுத்தியவனைக் கொன்றதாகவும், தனக்காக எழுபத்தேழு மடங்கு பழி வாங்கப்படும் என்றும் மனைவிகளிடம் பெருமையடிக்கிறான். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவே, போன கண்ணுக்கு ஒரு கண், அதற்கு மேல் கிடையாது என்பது கடிவாளம். அதையும் பாதிக்கப்பட்டவன் கையில் கொடுக்கவில்லை. உபாகமம் 19-ல் இதே வரி பொய்சாட்சி வழக்கில் வருகிறது, விசாரிப்பவர்கள் நியாயாதிபதிகள். சொந்தமாகப் பழிவாங்காதே என்று லேவியராகமம் 19:18 நேராகவே சொல்கிறது.

ரபிகள் என்ற யூத மதச்சட்ட அறிஞர்கள் இதை எப்படி நடத்தினார்கள் என்பதுதான் சுவாரஸ்யம். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்டத்தொகுப்பில், ஒருவனைக் காயப்படுத்தியவன் ஐந்து கணக்கில் பணம் கட்ட வேண்டும்: உறுப்பு போன நஷ்டம், வலி, வைத்தியச் செலவு, வேலை இழப்பு, அவமானம். கண்ணைத் தோண்டும் பேச்சே இல்லை. அவமானத்துக்கும் விலை உண்டு. சந்தையில் ஒரு பெண்ணின் தலைத்துணியை ஒருவன் இழுத்துவிட்டான். ரபி அகிவா அவனுக்கு 400 சூஸ் (அன்றைய வெள்ளிக்காசு) அபராதம் போட்டார். அவன் தவணை வாங்கிக்கொண்டு போய், அந்தப் பெண் வாசலில் நிற்கும் நேரம் பார்த்து, சாட்சிகளையும் நிறுத்திவைத்து, அற்பக் காசு பெறும் எண்ணெய் இருந்த ஒரு ஜாடியை அவள் முன்னால் உடைத்தான். அவள் தானே முக்காட்டை எடுத்துவிட்டு, சிந்திய எண்ணெயை வழித்துத் தலையில் தடவினாள். "இவளுக்கா நான் 400 சூஸ் கொடுப்பது?" என்று வந்து நின்றான். அகிவா அசையவில்லை. அவள் தனக்குச் செய்துகொண்டது வேறு, நீ செய்தது வேறு, பணத்தைக் கட்டு என்றுவிட்டார். பணம் கட்டினாலும் பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கும்வரை குற்றம் மன்னிக்கப்படாது என்று அதே அத்தியாயம் சொல்கிறது.

எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று சொல்ல மாட்டேன். கண் என்றால் கண்ணேதான் என்று ரபி எலியேசர் சொன்னதாக, மிஷ்னாவை விளக்கி விவாதிக்கும் தல்மூத்திலேயே இருக்கிறது. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும், பாதிக்கப்பட்டவன் பணத்துக்குச் சம்மதிக்காவிட்டால் அதே உறுப்பை இழக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறார். ஆனால் நிலைத்தது நஷ்டஈடுதான்.

சரி, காஸா. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்தது படுகொலை. அதற்காக, அதில் கை வைக்காத குழந்தைகள் சாவதை இந்த வசனத்தால் நியாயப்படுத்த முடியாது. பிதாக்களுக்காகப் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்பதும் அதே சட்டம்தான், உபாகமம் 24:16. முதல் நண்பரிடம் அதை வாசிக்கக் கொடுங்கள்.

இரண்டாமவர் சொன்னது பழைய அவதூறு. ஒரு அரசாங்கத்தின் போரைக் கண்டிக்க இன்றைய காரணங்களே ஏராளமாக இருக்கும்போது, கண்ணுக்குப் பணம் என்று தீர்ப்பெழுதியவர்களின் சந்ததியைப் பழிவாங்கும் கூட்டம் என்பானேன்?