துறைச்சொல் கேட்கும் குறுக்கெழுத்துக் குறிப்புகளை அவிழ்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: ‘ஒரு தொழிலாருக்கு மட்டும் விளங்கும் பேச்சு’, ‘துறைக்குரிய சொல்’ என்று குறுக்கெழுத்தில் குறிப்பு வந்தால் ஒத்தசொல்லை எப்படிப் பிடிப்பது?

இந்தக் குறிப்புக்கே வரக்கூடிய விடைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். குழூஉக்குறிக்கு ஆறு கட்டம் வேண்டும். கலைச்சொல், சங்கேதம் இரண்டும் ஐந்து. பரிபாஷை, வழக்கு இரண்டும் நான்கு. (புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம். குழூஉக்குறியின் நடுவில் நிற்கும் ‘உ’வை எண்ணாமல் விட்டுவிடாதீர்கள்.) கலைச்சொல்லை யாரும் படித்து அறியலாம். குழூஉக்குறியோ வெளியாளுக்கு விளங்காமல் ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொண்டது. நன்னூல் அதை இடக்கரடக்கல், மங்கலம் இரண்டோடும் சேர்த்துத் தகுதி வழக்கில் வைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதும் யானைப்பாகர் ஆடையைக் காரை என்பதும் அதற்குக் காட்டப்படும் உதாரணங்கள். இலக்கணம் படித்தவர் அமைத்த புதிரென்றால் இவையே விடையாக வரலாம்.

துறைச்சொல்லை நேராகக் கேட்கும் குறிப்புகள்தான் கடினம். நான் இலங்கையின் வன்னியில், கிளிநொச்சிப் பக்கம். இங்கத்தைய ஞாயிறு பத்திரிகைப் புதிரும் செய்வேன், தமிழ்நாட்டு இதழ்களில் வருவதும் செய்வேன். இரண்டும் செய்தால் ஒன்று விளங்கும்: ஒத்தசொல்லைத் தேடுவதற்கு முன்னம், குறிப்பை எழுதியவர் எந்த ஊர்ப் பாடப்புத்தகம் படித்தவர் என்று பார்க்க வேண்டும். ‘சுவாசிக்க உதவும் வாயு, ஐந்து எழுத்து’ என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பிள்ளைகள் ஒட்சிசன் என்று எழுதுவார்கள், தமிழ்நாட்டில் ஆக்சிஜன். பிராணவாயு, உயிர்வளி இரண்டும்கூட ஐந்தெழுத்துத்தான். நான்கும் கட்டத்தில் சரியாக இருந்துவிடும்! அதிலும் ஒட்சிசனுக்கும் ஆக்சிஜனுக்கும் மூன்றாம் எழுத்து ‘சி’, கடைசி எழுத்து ‘ன்’. அந்த இரண்டு எழுத்து மேலிருந்து கீழாக வந்து விழுந்தாலும் எதுவும் தெளியாது. முதல் எழுத்தோ இரண்டாம் எழுத்தோ கிடைக்கும்வரை பென்சிலால்தான் எழுத வேண்டும்.

விவசாயக் குறிப்புகளில் வன்னிக்காரருக்கு ஒரு பலமும் உண்டு, ஒரு பொறியும் உண்டு. ‘குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய், மூன்று எழுத்து’ என்றால் எங்கள் வாயில் உடனே வருவது துருசு. தமிழ்நாட்டுப் புதிரில் அது மதகாகவோ தூம்பாகவோ இருக்கும். எங்களுக்கு மதகு என்றால் வீதிக்குக் குறுக்கே போகும் சின்னப் பாலம், அதனால் அந்தச் சொல் எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. மூன்றும் வேறு வேறு எழுத்தில் முடிவதால், கடைசிக் கட்டத்தைக் குறுக்கே வெட்டும் விடையை முதலில் கண்டுபிடியுங்கள். மிகுதித் தண்ணீர் வழியும் இடத்துக்குக் கட்டங்களை எண்ணினாலே போதும். எங்கள் இரணைமடுக் குளத்தில் அது வான், இரண்டு கட்டம். தமிழ்நாட்டில் கலிங்கு, நான்கு கட்டம்.

ஈழத்துச் சொல்லுக்கு நான் முதலில் பார்ப்பது 1842இல் வெளிவந்த யாழ்ப்பாண அகராதி. செய்யுளில் பொருள் சொல்லும் பழைய அகராதியான சூடாமணி நிகண்டு கையில் இருந்தால் அதன் பதினோராம் தொகுதி மிகவும் உதவும், ஒரு சொல்லுக்குப் பல பொருள் அதில் வரும். விஞ்ஞானச் சொல்லுக்குப் பாடப்புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போதும். தமிழ்நாட்டுக் கலைச்சொல்லைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் தேடலாம். பார்த்து எழுதுவது ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒருமுறை தேடி எழுதிய சொல் அடுத்த புதிரில் தானாக வரும்.

அகராதி மட்டும் தீர்க்காத குறிப்புகளும் உண்டு. ‘களத்தில் நெற்குவியல், இரண்டு எழுத்து’ என்றால் சூடும் வரும், போரும் வரும், பொலியும் வரும். வெட்டிய கதிரை அடிக்கமுன் குவித்து வைத்தால் எங்களுக்கு அது சூடு. தமிழ்நாட்டுப் புதிரென்றால் போர். அடித்துத் தூற்றிய மணி குவிந்து கிடந்தால் பொலி. குறிப்பில் ‘தூற்றிய’ என்று ஒரு சொல் இருந்தாலே பொலியைத் துணிந்து பேனாவால் எழுதலாம்.