பழைய தச்சுக் கருவிப் பெட்டியை அச்சு அசலாக நாமே செய்ய முடியுமா? தேக்கில் செய்தால் தவறா?

முடியும். நான் ஒன்று செய்திருக்கிறேன். ஒன்றரை அங்குலம் தப்பாக.

நீங்கள் படம் போட்டுக் கேட்டிருப்பது பெஞ்சமின் சீட்டன் என்பவருடைய பெட்டி, இங்கிலாந்தில் ரோச்செஸ்டர் கில்டுஹால் மியூசியத்தில் இருப்பது. வெளி அளவு கிடைத்தால் போதும், செய்துவிடுவேன் என்கிறீர்கள். எனக்கு முன்னால் ஒருவர், ‘பிளைவுட் வாங்குங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும்’ என்று பதில் எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் தச்சன் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறேன். (யாங்கூன் என்று திருத்த வருகிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் இன்றைக்கும் ரங்கூன்தான்.) தொழில் தெரிந்தவர்கள் குற்றம் கண்டுபிடித்தால் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் முழுதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். நீங்கள் கோயம்புத்தூரோ சென்னையோ, மொட்டை மாடியில் கொஞ்சம் இடம், நிறைய யூடியூப், ‘இப்ப இது எதுக்கு’ என்று கேட்க வீட்டில் ஒருவர். இப்படித்தான் நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சீட்டன் கதையில் எல்லோரும் தாண்டிப் போகிற இடம் ஒன்று உண்டு. 1796 டிசம்பரில் அப்பா லண்டன் கடையில் மகன் பெஞ்சமினுக்கு ஒரு செட் கருவி மொத்தமாக வாங்கிக் கொடுத்தார். அந்தக் கருவிகள் உட்காருவதற்காக மகன் 1797இல் பெட்டி செய்தான். கருவி முதலில், பெட்டி அப்புறம். சட்டை தைப்பது மாதிரிதான். ஆளை அளக்காமல் இன்னொருத்தன் சட்டைக்கு அளவு கேட்டு என்ன பிரயோஜனம்?

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் கதை தலைகீழ். கருவி இருந்தது, பெட்டி போய்விட்டது.

தாத்தா ஆற்றுக்கு அக்கரையில் டல்லாவில், ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் (ஆற்றில் கப்பல் ஓட்டிய வெள்ளைக்காரக் கம்பெனி) கப்பல் பட்டறையில் தச்சர். அங்கிருந்த வெள்ளைக்கார மேஸ்திரிகளின் பெட்டியைப் பார்த்துத் தனக்கும் ஒன்று தேக்கில் செய்துகொண்டார். மூலையெல்லாம் புறாவால் மூட்டு (பலகை முனைகளைப் புறாவின் வால் மாதிரி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோப்பது), வெளியே கறுப்பு பெயிண்ட், முன்பக்கம் ரம்பங்களுக்கு, பின்பக்கம் இழைப்புளிகளுக்கு, நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தட்டு. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது அவன் கையில் சிக்கக் கூடாது என்று கம்பெனி தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் இந்தியாவுக்கு நடையைக் கட்டினார்கள். தாத்தா போகவில்லை. ஏன் என்று கேட்டால், “இந்தப் பொட்டிய யாரு தூக்கிட்டு நடக்கறது?” என்பார். நாங்கள் இன்னும் பர்மாவில் இருப்பதற்கு அந்தப் பெட்டியின் எடைதான் காரணம் என்று வீட்டில் கேலி செய்வோம்.

அதை விற்றது நான்தான். 1996, சுற்றுலா ஆண்டு என்று ஊரெல்லாம் போர்டு வைத்த சமயம். பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வந்து, வெளிநாட்டுக்காரருக்கு வேண்டும் என்றார். 9,000 கியாட் (எங்கள் ஊர்ப் பணம்). மகளுக்கு டைபாய்டு. கொடுத்துவிட்டேன். கருவிகள் வேண்டாம் என்று அரிசிச் சாக்கில் கொட்டிவிட்டுப் போனார். குறை சொல்லப் போகிறவர்கள் அந்த வருஷம் ரங்கூனில் மருந்து என்ன விலை என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

போகாமல் தங்கியது ஒரே ஒரு தட்டு. மனைவி அதில் மிளகாய், மல்லி, மஞ்சள் போட்டு அடுப்படியில் வைத்திருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால், கடையில் வேலை குறைந்தபோது, பெட்டியைத் திரும்பச் செய்வது என்று இறங்கினேன். மரத்துக்கு வருகிறேன், ஏனென்றால் தேக்கில் செய்தால் போலியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலீஷ் பெட்டி பெரும்பாலும் வெளியே பைன், உள்ளே மகோகனி. அங்கே கிடைத்ததில் அவர்கள் செய்தார்கள். தாத்தா இங்கே கிடைத்ததில் செய்தார். அதில் என்ன போலி? போலி என்றால் உங்கள் ஊர்க் கடைகளில் எந்த மரக் கதவைத் தட்டினாலும் ‘பர்மா தேக்கு’ என்கிறார்களே, அதைக் கேளுங்கள். இங்கிருந்து உருட்டு மரம் ஏற்றுமதி 2014 ஏப்ரலிலேயே தடையாகிவிட்டது. இங்கேயே இருக்கிற எனக்குப் புதுத் தேக்கு எட்டாத விலை. உங்கள் தெருவில் மட்டும் எப்படி எல்லா வீட்டுக்கும் கிடைக்கிறது?

நான் வாங்கியது இடித்த வீட்டு உத்தரம் இரண்டு. மேலே சாம்பல் நிறம், விறகு மாதிரி. இழைப்புளி இரண்டு தடவை ஓடியதும் கீழே தேன் நிறம், தோல் செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒரு வாசனை. மூன்றாவது தடவை ‘டிக்’. உடைந்த ஆணி ஒன்று உள்ளேயே இருந்திருக்கிறது, உளியில் அரிசி அளவுக்கு ஒரு பல் போய்விட்டது. அதற்கப்புறம்தான் கவனித்தேன், இரும்பு இருக்கிற இடத்தைச் சுற்றி மரம் கறுத்துப் போயிருக்கும். அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தால் முதலில் தோண்டுங்கள். ஆணி இல்லாவிட்டாலும் தேக்கில் மணல் மாதிரி ஒரு சத்து உண்டு, உளி சீக்கிரம் மழுங்கும். எண்ணெயும் உண்டு, பசை பிடிக்காது. ஒட்டுவதற்குச் சற்று முன்னால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். மெஷின் வேண்டாமா என்று கேட்பீர்கள். வருகிற நாலு மணி நேரக் கரண்டில் தண்ணீர் மோட்டார் போடுவதா, மரம் இழைப்பதா?

இப்போது அந்த ஒன்றரை அங்குலம்.

மூன்று தட்டுகளும் முன்னும் பின்னும் தள்ளுகிற மாதிரி இருக்கும். அவை உட்கார இரண்டு பக்கச் சுவரிலும் மரச் சட்டம் அடித்திருக்கும். அந்தச் சட்டங்கள் படிக்கட்டு மாதிரி, கீழே தடிமன், மேலே வர வர மெலிவு. ஆகவே அடித்தட்டுக்கு நீளம் குறைவு, மேல் தட்டுக்கு அதிகம். மேல் தட்டின் நீளம்தான் கிட்டத்தட்ட பெட்டியின் உள் நீளம். அடுப்படித் தட்டை அளந்தேன், 32½ அங்குலம். அது மேல் தட்டு என்று நினைத்து, அதுதான் உள் நீளம் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய ரம்பத்தையும் அளந்தேன், தகடு 28 அங்குலம், தாராளமாகப் போகும். பிடியைக் கரையான் தின்றிருந்தது. அதை அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டேன்.

பெட்டி முடிந்தது, பெயிண்டும் அடித்தாயிற்று. ரம்பத்துக்குப் பிடி செய்து மாட்டி அளந்தால் மொத்தம் 33½. எப்படிச் சாய்த்து வைத்தாலும் மூடி மூடவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

மூன்றாவது நாள் மனைவி சாதாரணமாகக் கேட்டாள்: “இது மாமா பணம் வச்ச தட்டுதானே? அடியில இருந்ததுதானே?”

அடித்தட்டு! அப்பா சேர்த்த பணமெல்லாம் 75 கியாட், 35 கியாட் நோட்டாக அதில்தான் இருந்தது. 1987 செப்டம்பர் 5, 25ம் 35ம் 75ம் செல்லாது என்று ஒரே அறிவிப்பு. மாற்றுப் பணமும் கிடையாது. அப்பா அன்றைக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார், ஒரு வாய் சாப்பிடவில்லை. 1964இல் தாத்தாவுக்கு 50ம் 100ம் போனது, 1985இல் மறுபடி ஒரு தடவை. எங்கள் ஆட்கள் ஏன் தாலிக்கொடியைத் தவிர வேறு எதையும் நம்புவதில்லை என்று எழுதுகிற நிபுணர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். மன்னிக்கவும்.

அவ்வளவு ஞாபகம் இருந்தும் அதே தட்டுதான் அடுப்படியில் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை. ஆழத்தைப் பார்த்தாவது புரிந்திருக்க வேண்டும். அடித்தட்டுதான் ஆழமாக இருக்கும். “ஆழமா இருக்குன்னுதான் மசாலாவுக்கு எடுத்தேன், கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றாள். சட்டத்தின் தடிமன் பக்கத்துக்கு முக்கால் அங்குலம், இரண்டு பக்கமும் சேர்த்தால் உள் நீளம் 34. தாத்தா அந்த ரம்பத்துக்கு அரை அங்குலம்தான் இடம் விட்டிருக்கிறார்.

செய்த பெட்டியின் பக்கச் சுவரில் ஓட்டை போட்டு ரம்பத்தின் மூக்கை வெளியே விட்டிருக்கிறேன். அசிங்கம்தான், தெரியும். மருமகனின் லுங்கி ஒரு தடவை கிழிந்தது.

ஆகவே சீட்டன் பெட்டியின் வெளி அளவை விடுங்கள். உங்களிடம் இருக்கிற கருவிகளைத் தரையில் பரப்புங்கள், பிடியோடு அளங்கள், மிக நீளமானதில் ஆரம்பித்து உள்ளிருந்து வெளியே வாருங்கள்.

இரண்டாவது பெட்டிக்கு உத்தரம் வாங்கிவிட்டேன், மழை நிற்க வேண்டும். இந்தத் தடவை பழைய தட்டையே அடியில் போட்டுவிடலாம் என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். தர மாட்டாளாம். எத்தனை கழுவினாலும் மஞ்சள் போகாது, உளியெல்லாம் ரசம் மணக்கும் என்கிறாள்.