அரோரா (துருவப் பக்க வானில் இரவில் தெரியும் ஒளி) படங்களில் இருக்கும் அந்தப் பச்சை நிஜமா, எடிட் செய்ததா?

பெங்களூரில் உட்கார்ந்து இன்ஸ்டாகிராமில் படம் பார்த்துவிட்டு, நார்வேக்கு டிக்கெட் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என நினைக்கிறேன். பச்சை நிஜம்தான். ஆனால் படத்தில் இருக்கும் அளவுக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள்.

'ஃபாரின் போனதைப் பீற்றிக்கொள்கிறான்' என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: ஆபீஸ் வேலையாக ஆஸ்லோ போனேன், அங்கிருந்து வட நார்வேயில் இருக்கும் டிராம்சோவுக்குச் சொந்தக் காசில்தான் போனேன்.

ஊர் வெளிச்சம் மறையும்வரை வண்டியில் போய், பனி மூடிய ஒரு சாலை ஓரம் நின்றோம். வானத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ நீளமாகக் கிடந்தது. மேகம் என்றுதான் நினைத்தேன். வழிகாட்டிப் பையன் "கேமராவை வைத்துப் பாருங்கள்" என்றான். எட்டு விநாடி எக்ஸ்போஷர். ஸ்கிரீனில் அத்தனையும் பச்சை!

காரணம் எளிது. 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் விண்வெளியிலிருந்து எலெக்ட்ரான்கள் வந்து மோதும்போது ஆக்சிஜன் அணுக்கள் 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சை ஒளியை விடுகின்றன. 200 கிலோமீட்டருக்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும். மங்கிய இருட்டில் நம் கண்ணில் வேலை செய்யும் குச்சி செல்களுக்கோ நிறம் பிரிக்கத் தெரியாது. கேமரா எட்டு விநாடி வெளிச்சத்தைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். நள்ளிரவு வாக்கில் ஒளி வலுத்தபோது வெறும் கண்ணுக்கே பச்சை தெரிந்தது, கீழ் ஓரத்தில் ரோஸ் நிறமும். அப்போது எக்ஸ்போஷரை இரண்டு விநாடிக்கு இறக்கிவிட்டேன். இல்லையென்றால் திரைபோல் ஆடும் ஒளியின் மடிப்பெல்லாம் குழைந்துபோய் வெறும் பச்சைப் பூச்சாகிவிடும்.

இந்தப் படங்களை ஜெயநகரில் ஒரு கிரகப்பிரவேசத்தில் காட்டினால், என் மாமா எல்லார் முன்னாலும் "போட்டோஷாப் தானேடா?" என்றார். கேமரா பதிந்தது அப்படியே இருக்கும் ரா ஃபைலைத் திறந்து காட்டினேன். "அப்போ கேமராவே கலர் போட்டுடுதா?" என்றார். அவருடைய ஃபோன் அல்சூர் ஏரியை ராத்திரியில் நீலமாக்கிக் காட்டுகிறதே, அதை யாரும் கேட்பதில்லை. 2024 மே 10 இரவு பெரிய சூரியப் புயல் வந்தபோது லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு அரோரா பதிவானது. பதிவு செய்தது நம் கோரமங்களாவில் இருக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமரா. அதையும் போட்டோஷாப் என்பார்களோ என்னவோ.

சிலர் சாச்சுரேஷனை, அதாவது நிற அடர்த்தியை, இஷ்டத்துக்கு ஏற்றுகிறார்கள், மறுக்கவில்லை. நானும் இருண்ட பகுதிகளைக் கொஞ்சம் தூக்குவேன். அதுவும் எடிட்தான் என்றால் சரி, எடிட்தான்.

போவதாக இருந்தால்: ட்ரைபாட் கட்டாயம். நிறைய வெளிச்சம் உள்ளே விடும் எஃப் 2.8 வைட் லென்ஸ், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 1600 முதல் 3200, ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் ஃபோகஸ். லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருக்கும் யூவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். அந்த ஒற்றை அலைநீளப் பச்சை, ஃபில்டருக்குள் பட்டுத் திரும்பி படத்தின் நடுவில் வளையம் வளையமாக விழும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். அறைக்குள் வருமுன் கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிவிட்டால் ஈரம் கவரோடு நிற்கும். இப்போதைய ஃபோன்களின் நைட் மோடிலும் ஓரளவு வரும், ஆனால் ஃபோனையும் எங்காவது அசையாமல் நிறுத்தி எடுப்பதே நல்லது.

அப்புறம், லென்ஸை பெங்களூரில் வாடகைக்கு எடுப்பதென்றால் வாங்கும்போதே நாலு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுத்த கடை, பெயர் வேண்டாம், திருப்பிக் கொடுத்தபோது முன் கண்ணாடியில் கீறல் என்று டெபாசிட்டில் பெருந்தொகையைப் பிடித்துக்கொண்டது. அவர்கள் தளத்தில் போட்டிருந்த படத்திலேயே அந்தக் கீறல் இருக்கிறது. பெரிதாக்கிக் காட்டினேன். "அது லைட் ரிஃப்ளெக்‌ஷன் சார்" என்றார்கள்.