மாத்திரையை நிறுத்திவிட்டு பாக்டீரியாவை நம்பலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ரத்தமும் சளியுமாக வயிற்றுப்போக்கு வந்தது. கொலனாஸ்கோபி செய்துவிட்டு 'அல்சரேட்டிவ் கொலைடிஸ்', அதாவது பெருங்குடலின் உட்புறம் வீங்கிப் புண்ணாகும் நோய் என்றார்கள். குடல் அழற்சியைத் தணிக்கும் மெசலமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வருடமாகத் தொந்தரவு இல்லை. என் அக்கா இந்த நோயைப் பற்றி நிறையப் படிக்கிறார். 'எல்லாவற்றுக்கும் காரணம் குடல் பாக்டீரியாதான். மாத்திரை அறிகுறியை மட்டும் அமுக்குகிறது. நல்ல பாக்டீரியாவை உள்ளே அனுப்பினால் நோய் வேரோடு போய்விடும்' என்கிறார். அவர் சொல்லி மலப் பரிசோதனை ஒன்று செய்தேன். 'பாக்டீரியா வகைகள் குறைவு' என்று ரிப்போர்ட் வந்தது. நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூலும் வாங்கித் தந்திருக்கிறார். அதுவும் பலிக்காவிட்டால் தன் மலத்தையே தரத் தயாராம்! மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம், இது மட்டும் முதலில் மனதில் இருக்கட்டும்.

தம்பிக்காக இந்த அளவுக்கு இறங்கி வருகிற அக்கா எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவர் சொல்வதில் பாதிக்கு மேல் சரியும்கூட. குடல் அழற்சி நோய்களில் பாக்டீரியாவுக்குப் பங்கு உண்டு என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. அழற்சியை அடக்குகிற 'இன்டர்லூகின்-10' என்ற புரதம் இல்லாமல் பிறக்கும் ஆய்வக எலிகளுக்குப் பெருங்குடல் தானாகவே வீங்கிப் புண்ணாகும். அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தால் ஒன்றும் ஆவதில்லை.

மனிதர்களிடமும் சான்று இருக்கிறது. உங்கள் நோய்க்கு நெருங்கிய உறவான கிரோன்ஸ் நோய் உள்ள சிலருக்கு, பெல்ஜிய மருத்துவர்கள் கெட்டுப்போன குடல் பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீதிக் குடல் வழியாக மலம் போகாதபடி வயிற்றில் தற்காலிகத் திறப்பும் வைத்தார்கள். மலம் போகாதவரை புண் திரும்பவில்லை, பாதையை மறுபடி இணைத்ததும் திரும்பியது. இது 1991-ல் வெளியான ஆய்வு. பிறகு 2008-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், ஃபேக்கலிபாக்டீரியம் பிரஸ்னிட்ஸி என்ற பாக்டீரியா குறைவாக இருந்த கிரோன்ஸ் நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் நோய் திரும்புவது அதிகம் என்று கண்டார்கள். பெருங்குடலின் உள்சுவர் செல்கள் எரிபொருளாகப் பயன்படுத்தும் பியூட்டிரேட்டைத் தயாரிப்பதில் இந்த பாக்டீரியா கெட்டிக்காரன்.

இதுவரை அக்கா பக்கம்தான் நியாயம். இதிலிருந்து 'பாக்டீரியாவை மாற்றினால் நோய் போய்விடும்' என்று தாண்டுகிறார் பாருங்கள், அங்கேதான் இடிக்கிறது. வீடு தீப்பிடித்ததும் குடியிருந்தவர்கள் ஓடிப்போகிறார்கள். மறுநாள் வந்து பார்ப்பவர், ஆள் இல்லாததால்தான் வீடு எரிந்தது என்றால் ஒப்புக்கொள்வோமா? குடலிலும் இப்படி நடக்கிறது. பிரஸ்னிட்ஸி போன்றவற்றுக்கு ஆக்சிஜன் பட்டாலே ஆகாது. அழற்சி வந்தால் குடலின் உட்புறச் சூழல் மாறி, அவை குறைகின்றன, ஆக்சிஜனைத் தாங்குகிற கூட்டம் பெருகுகிறது. எது காரணம், எது விளைவு என்று ஒரு மல ரிப்போர்ட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது.

அந்த ரிப்போர்ட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். 'வகைகள் குறைவு' என்ற வரி உங்களைப் பயமுறுத்தியிருக்கும். கிரோன்ஸ் உள்ள குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வழக்கமான சாப்பாட்டையே நிறுத்தி, திரவச் சத்துணவு மட்டும் கொடுப்பது நன்கு நிலைபெற்ற சிகிச்சை. பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் அடங்கிவிடுகிறது. அந்த வாரங்களில் அவர்களுடைய குடலில் பாக்டீரியா வகைகள் கூடவில்லை, குறைந்தன! நல்லவன் என்று நாம் கொண்டாடும் பிரஸ்னிட்ஸியும் சேர்ந்தே குறைந்தது. குடலோ ஆறியது. வகைகள் குறைந்தால் கெடுதல், கூடினால் நல்லது என்ற கணக்கு எவ்வளவு சீக்கிரம் உடைகிறது பாருங்கள். அமெரிக்காவில் 132 பேரை ஆளுக்கு ஒரு வருடம் பின்தொடர்ந்து 2019-ல் வெளியான பெரிய ஆய்வும், நோயாளிகளின் பாக்டீரியாக் கலவை காலத்தோடு நிறைய ஊசலாடுவதைக் காட்டியது. ஒரு நாள் எடுத்த மாதிரியை வைத்து உங்கள் மருந்தை யாரும் மாற்றக் கூடாது.

புரோபயாடிக் விஷயத்தை நீட்டப் போவதில்லை. அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020-ல் தந்த வழிகாட்டுதல், அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கும் கிரோன்ஸுக்கும் இவற்றை மருத்துவ ஆய்வுகளுக்குள் மட்டுமே பயன்படுத்தச் சொல்கிறது. விதிவிலக்காகப் பேசப்படுவது 'ஈ. கோலை நிஸில் 1917' என்ற பாக்டீரியா ரகம். முதல் உலகப் போரில் உடன் இருந்தவர்கள் வயிற்றுப்போக்கில் விழ, தப்பித்த ஒரு சிப்பாயின் மலத்திலிருந்து ஆல்ஃபிரட் நிஸில் பிரித்தெடுத்தது. நோய் அடங்கியிருப்பவர்களை அப்படியே வைத்திருப்பதில் இது மெசலமைனுக்கு ஏறக்குறைய ஈடாக நின்றது. அந்த ஒரு ரகத்தின் பெருமையை, கையில் கிடைக்கிற எல்லா கேப்ஸ்யூலுக்கும் ஏற்றிவிட முடியாது. உங்களுடையதில் என்ன இருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டுங்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுக்க நேர்ந்தால் அவசியம் காட்ட வேண்டும்.

சரி, அக்காவின் கடைசி அஸ்திரத்துக்கு வருவோம். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிற மலமாற்று சிகிச்சையைக் கேலி செய்ய மாட்டேன். ஆன்டிபயாடிக்குக்குப் பின் 'கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலி' என்ற கிருமி திரும்பத் திரும்பத் தாக்குகிறவர்களிடம் இது அசத்தியது. நெதர்லாந்தில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் குணமானது. உங்கள் நோயில் பலன் உண்டு, ஆனால் அவ்வளவு இல்லை. ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் வாரம் ஐந்து நாள், எட்டு வாரம் எனிமா கொடுத்தும் 41 பேரில் 11 பேருக்குத்தான் நோய் அடங்கியது. போலி எனிமா வாங்கிய 40 பேரில் 3 பேருக்கும் அடங்கியது. 2015-ல் வெளியான கனடா ஆய்வு இன்னும் விசித்திரம். நோய் அடங்கிய 9 பேரில் 7 பேர் ஒரே கொடையாளியிடமிருந்து பெற்றவர்கள்! அவரிடம் அப்படி என்ன இருந்தது என்பது தெளிவாகாதவரை, உங்கள் அக்கா அந்த மாதிரி ஆளா என்று யாரால் சொல்ல முடியும்?

வீட்டில் மட்டும் செய்துவிடாதீர்கள். ஆரோக்கியமாகத் தெரிகிறவரின் குடலிலும் மருந்துக்கு மசியாத கிருமி இருக்கலாம். 2019-ல் அமெரிக்காவில், ஒரே கொடையாளியின் மலத்தைப் பெற்ற இருவருக்கு அப்படிப்பட்ட ஈ. கோலை தொற்றியது. இருவருமே எதிர்ப்பு சக்தி குன்றியவர்கள், ஒருவர் இறந்துபோனார். அந்த நாடு 2022-லும் 2023-லும் அனுமதித்த மலவழி மருந்துகள் இரண்டும் டிஃபிசிலி தொற்று திரும்பாமல் தடுக்கத்தான், கொலைடிஸுக்கு அல்ல.

அக்கா 'வெறும் மாத்திரை' என்கிறாரே, அதன் கதை அவருக்குத் தெரிந்திருக்காது. மெசலமைனுக்கு மூத்தது சல்ஃபாசலசீன். ஸ்வீடன் மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கியது. அதில் இரண்டு மருந்துகள் ஒரு ரசாயனப் பிணைப்பால் ஒட்டியிருக்கும். விழுங்கினால் அப்படியே பெருங்குடல்வரை போகும். அங்கே அந்தப் பிணைப்பை வெட்டுவது யார்? குடல் பாக்டீரியாதான். வெட்டியதும் வெளிவருவது நீங்கள் சாப்பிடுகிற அதே மெசலமைன். இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலரது குடலில் இருக்கும் பாக்டீரியா நொதிகள் மெசலமைனைச் செயலிழக்கச் செய்கின்றன, அப்படிப்பட்டவர்களிடம் மருந்து தோற்பது அதிகம் என்று 2023-ல் ஒரு ஆய்வு காட்டியது. ஆக, மாத்திரை ஒரு கட்சி, பாக்டீரியா எதிர்க்கட்சி என்று பிரிப்பதற்கே இடமில்லை. இந்தத் துறையிலிருந்து முதலில் பயன் வரப்போவது யாருக்கு எந்த மருந்து பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்வதில்தான் என்பது என் எண்ணம்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, மலத்தில் 'கால்புரொடெக்டின்' அளவு பார்க்கலாமா என்று கேளுங்கள். வெள்ளணுக்களிலிருந்து கசியும் புரதம் அது. குடல் உண்மையிலேயே அமைதியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வகைகளை எண்ணும் ரிப்போர்ட்டை விட இது பல மடங்கு உதவும். சிறுநீரகப் பரிசோதனையும் அவ்வப்போது வேண்டும், மெசலமைன் அரிதாக அங்கே தொந்தரவு தரும். திடீரென்று ரத்தம் திரும்பினால் நாள் கடத்த வேண்டாம். டிஃபிசிலி தொற்று சேர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

நோய் அடங்கியிருந்த 99 பேரைப் பின்தொடர்ந்த ஒரு ஆய்வில், மெசலமைனை ஒழுங்காக எடுக்காதவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. அதனால் அக்காவிடம் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள்: மாதக் கடைசியில் உங்கள் மாத்திரை அட்டையை வாங்கி, எத்தனை மீதி என்று எண்ணட்டும்.